தூயமல்லி காட்டிக்கொடுத்த காதல்

போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

ஆமாம், என்னைத்தான். 'பஜ்ஜித் தட்டோடு வந்து நிற்கிற வேலையெல்லாம் நமக்கு ஆகாது' என்று இதே பக்கத்தில் வீராப்புப் பேசிய அதே நான், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை கனக்க மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு, பஜ்ஜித் தட்டோடு நின்றேன். உடனே போனை எடுத்து என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிடாதீர்கள். நான் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

மீதிப் பாதி இதுதான். வந்த மாப்பிள்ளையை எனக்கு ஒன்றரை வருஷமாகத் தெரியும். தெரியும் என்றால்... நன்றாகவே தெரியும்!

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தஞ்சாவூரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. 'கீழ் வரியைப் படிங்க... இப்ப தெளிவா தெரியுதா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?' — ஒரு நாள் முழுக்க நான் பேசுகிற வசனம் இவ்வளவுதான். வீடு பூதலூர்ப் பக்கம் ஒரு ஊர். ரோட்டோரத்து வீடு, பின்னால் வயல். அப்பா விவசாயி. அம்மா, விவசாயியைச் சமாளிப்பவர்.

மாப்பிள்ளையின் பெயர் விக்னேஷ். எனக்கு விக்கி. பாபநாசம் பக்கம். அறுவடை மெஷின்களுக்கு சர்வீஸ் செய்கிறவர். ஒரு அறுவடை சீசனில் கண்ணில் தூசு விழுந்து, சிவந்த கண்ணோடு கடைக்கு வந்தார். தூசை எடுத்துவிட்டு, சும்மா ஒரு டெஸ்ட்டும் எடுத்தேன். கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். பழுதில்லாத கண். அடுத்த வாரம் மறுபடி வந்தார். 'லேசா மங்குற மாதிரி இருக்குங்க' என்றார். மறுபடியும் கடகட. அதற்கடுத்த வாரமும் வந்து நின்றார்.

கண்ணில் ஒரு கோளாறும் இல்லாத மனிதர் கண்ணாடிக் கடைக்கு எதற்காக வாராவாரம் வருவார்? எனக்குப் புரிவதற்கு முன்னால் ஷமீமாவுக்குப் புரிந்துவிட்டது.

ஷமீமா என்கூட வேலை பார்ப்பவள். நாகூர்க்காரி. கணவர் துபாயில். காதலைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் நான் அவளிடம்தான் போவேன். கடல் தாண்டிக் குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரியாததா? 'அந்தப் புள்ளைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் டெஸ்ட் எடுக்கணும். எதிர்ல நிக்கிற ஆளே தெரியல' என்றாள்.

அப்புறம் தெரிந்துவிட்டது. ரொம்பவே தெரிந்துவிட்டது. அவர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே லென்ஸ் துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குத் தெரிந்துவிட்டது!

சரி, காதலர்கள் போனில் என்ன பேசுவார்கள்? நிலா, மழை, கனவு... நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசினோம், உண்மைதான். 'நாளைக்கு மழை இருக்காம், எங்கப்பா இன்னும் அறுக்கலை' என்று பேசினோம். 'கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் கூட இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க' என்று பேசினோம். அப்பா எந்த வயலில் பொன்னி நட்டார், எந்த மூலையில் தூயமல்லி நட்டார், மடையைத் திறந்துவிட்டது யார் என்று பக்கத்து வயல்காரரோடு போட்ட சண்டை — எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். அவர் 'ம்... ம்...' என்று கேட்பார். பாதி நேரம் தூங்கிக்கொண்டே ம் கொட்டுகிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

நடுநடுவே என் புராணமும் ஓடும். ஊரே டிகிரி காபிக்கு உயிரை விடும்போது எனக்கு மட்டும் சாயம் இறங்கிய டீக்கடை டீதான் வேண்டும். பட்டுப்புடவை பிடிக்காது, காட்டன் சுடிதார் போதும். நகத்துக்குக் கறுப்பு நெயில் பாலிஷ். சந்திரகலா ஸ்வீட் என்றால் சொத்தையே எழுதிக் கொடுத்துவிடுவேன். (சொத்து இல்லை. அந்தத் தைரியம்தான்.) ரசம் வைத்தால் அது ரசமாக வராது, என்னவாக வரும் என்றும் சொல்ல முடியாது. இதெல்லாம் தெரிந்தும் ஒருவர் மறுநாள் போன் செய்கிறார் என்றால் வேறென்ன நிரூபணம் வேண்டும்?

பிறகு ஏன் இந்தப் பெண் பார்க்கிற நாடகம் என்று கேட்பீர்கள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் எல்லாமே பொருந்தி வரும். பொருந்தாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: நாங்களே பார்த்துக்கொண்டோம். சித்தப்பா பெண் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து எங்கள் வீட்டில் 'லவ்' என்ற வார்த்தைக்கே தடை. டி.வி.யில் அந்த வார்த்தை வந்தால்கூட அப்பா செய்திச் சேனலுக்கு மாற்றிவிடுவார். விக்கியின் அம்மாவோ, 'நான் காட்டுற பொண்ணைத்தான் நீ கட்டணும். நீ ஒருத்தியைக் காட்டுனா அவ இந்த வாசப்படி ஏற மாட்டா' என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டவர். ஆக, ஒரு பக்கம் தெரிந்தாலே போதும், இரண்டு பக்கமும் கதை முடிந்தது.

வழி சொன்னவள் ஷமீமாதான். விக்கியின் ஜாதகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு லீவு நாளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். 'எங்க கடைக்குக் கண்ணாடி போட வந்தாங்கம்மா. பாபநாசத்துக்காரங்க. பையனுக்குப் பொண்ணு தேடுறாங்களாம். எனக்கு என்னமோ நம்ம வீட்டு ஞாபகம் வந்துச்சு' என்று அவ்வளவு அப்பாவியாகச் சொன்னாள். நாகூர் ஷமீமா கொண்டுவந்த ஜாதகத்தை எங்கள் ஊர் ஜோசியர் பார்த்து, 'அமோகமா இருக்கு' என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். என் போட்டோவும் ஷமீமா வழியாகவே விக்கியின் அம்மா கைக்குப் போய், அவர் தேடிப்பிடித்த பெண்ணாக விக்கிக்குக் காட்டப்பட்டது.

அதன்பிறகு ஒத்திகை. கும்பகோணத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் இட்லியும் தொட்டுக்கொள்ளக் கடப்பாவும் சாப்பிட்டுக்கொண்டே விதிகளை வகுத்தோம். என்னைப் பார்த்ததும் சிரிக்கக் கூடாது. 'நீ' என்று வாய் தவறக் கூடாது. 'என்ன படிச்சிருக்கீங்க?' என்று ஒரு தரம் கேட்க வேண்டும். நான் தரையைப் பார்த்தபடி பதில் சொல்ல வேண்டும். விக்கி மூன்று இட்லி முடிப்பதற்குள் எல்லா விதியையும் மீறிச் சிரித்துவிட்டார். முதல் விதியிலிருந்து மறுபடி ஒப்பிக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. தை கடைசி. நாலைந்து நாளாக மூடிக் கிடந்த வானம் அன்றைக்கென்று பளிச்சென்று வெயில் காட்டியது. வெயிலைப் பார்த்த அப்பாவுக்கு என்ன தோன்றும்? பெண்ணைப் பார்க்க வருகிறார்கள் என்பதா தோன்றும்? அறுத்து வந்த நெல்லை ரோட்டில் காயப்போட வேண்டும் என்றுதான் தோன்றும்!

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். 'ஏங்க, மாப்ள வீட்டுக்காரங்க என்னா நெல்லை மிதிச்சுக்கிட்டா உள்ள வருவாங்க?'

'நடுவுல வழி வுட்டுருக்கேன்ல?' என்றார் அப்பா.

விட்டுத்தான் இருந்தார். கேட்டுக்கு வலப்பக்கம் பொன்னி, கொள்முதலுக்குப் போக வேண்டியது. இடப்பக்கம் அதைவிடச் சின்னதாகத் தூயமல்லி. அது விற்பதற்கில்லை, அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கான விதைநெல். அப்பா அதைத் தனியாக நட்டு, தனியாக அறுத்து, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டது. விதைநெல்லில் வேறு ரகம் கலந்துவிட்டால் கதை முடிந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே நெல். வீட்டு ஆட்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

வந்தார்கள். விக்கி, அவருடைய அப்பா, அம்மா. காரை நெல்லில் ஏற்றாமல் தள்ளி நிறுத்திவிட்டு வந்ததிலேயே அப்பாவுக்குப் பாதித் திருப்தி.

என் மாப்பிள்ளை என்னமாய் நடித்தார் என்கிறீர்கள்! பார்வை சுவரில் மாட்டியிருந்த காலண்டரை விட்டு நகரவே இல்லை. 'என்ன படிச்சிருக்கீங்க?' என்று கேட்டார். 'ஆப்டோமெட்ரி' என்று தரைக்குச் சொன்னேன். 'ஓ... அப்படின்னா?' என்றார். படுபாவி! அது ஒத்திகையில் இல்லாத கேள்வி. கண் சம்பந்தப்பட்டது என்று விளக்கினேன். 'அப்படிங்களா' என்று வாராவாரம் கண்ணைக் காட்டிய மனிதர் வியந்துகொண்டார்.

விக்கியின் அம்மா, 'பாப்பாவுக்கு என்னென்ன பிடிக்கும்?' என்றார்.

அம்மா முந்திக்கொண்டார். 'சமையல்னா உசிருங்க. ரசம் வச்சான்னா தெருவே மணக்கும். கோலம் போடுவா. பட்டுப்புடவைன்னா அவ்ளோ ஆசை.'

விக்கிக்குப் பஜ்ஜி புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்டி... நான் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்த நிமிஷம் தப்பித்துவிட்டோம். இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துப்பிடித்தால் போதும், பெரியவர்கள் சரி என்று சொல்லிவிடுவார்கள் என்று மனசு குதித்தது.

அப்போதுதான் வெளியே வெளிச்சம் குறைந்தது. தகர ஷீட்டில் 'டப்' என்று ஒரு சத்தம். இன்னொரு டப்.

டெல்டாக்காரர்களுக்கு அந்தச் சத்தம் போதும். 'நெல்லு!' என்று அப்பா ஓடினார். அவருக்குப் பின்னால் அம்மா. அவர்களுக்குப் பின்னால் யார் தெரியுமா? மாப்பிள்ளை வீட்டார்! வந்த இடம், சம்பிரதாயம், கட்டியிருக்கிற வெள்ளை வேட்டி — எதுவும் ஞாபகமில்லை. அடுத்தவர் நெல்லாக இருந்தாலும் அது நனைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இந்தப் பக்கத்து மனிதர்களால் முடியாது. விக்கியின் அம்மா பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். விக்கியின் அப்பா வேட்டியை மடித்துக்கட்டி, நெல் தள்ளுகிற பலகையைக் கையில் எடுத்தார். பஜ்ஜித் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நானும் ஓடினேன்.

அப்பா பொன்னியின் அந்தக் கோடியில் குனிந்து வாரிக்கொண்டிருந்தார். அம்மா படுதா எடுக்க உள்ளே ஓடினார். விக்கியின் அப்பா இந்தப் பக்கத்து நெல்லைப் பார்த்தார், அந்தப் பக்கத்து நெல்லைப் பார்த்தார். இரண்டையும் ஒரே குவியலாகச் சேர்த்துவிட்டால் மூடுவது சுலபம் அல்லவா? நியாயமான யோசனைதான். சின்னக் குவியலைப் பெரிய குவியலை நோக்கித் தள்ள ஆரம்பித்தார்.

தூயமல்லி, பொன்னியை நோக்கி நகர்கிறது!

விக்கி நடுவழியில் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. கத்தினால் நெல் பிழைக்கும், எங்கள் குட்டு உடையும். முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வந்தவருக்கு, எது விதைநெல் என்று எப்படித் தெரியும்? கத்தாவிட்டால் குட்டு பிழைக்கும், அப்பாவின் விதைநெல் பாழ்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையில் பஜ்ஜித் தட்டோடு, விவசாயி மகள் நான், பலமாகத் தலையை ஆட்டினேன். 'வேண்டாம், சொல்லாதே!'

விக்கி நெல்லைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

'அப்பா! அதைச் சேத்துராதீங்க! அது தூயமல்லி! விதைக்கு வச்சது! தனியா தள்ளுங்க!'

விக்கியின் அப்பாவின் பலகை அந்தரத்தில் நின்றது. படுதாவோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றார். மழை மட்டும்தான் நிற்கவில்லை.

முதலில் நெல். வேலையைப் பார்த்தோம். இரண்டு குவியல், இரண்டு படுதா, ஓரத்துக்குக் கல். எல்லாம் முடிந்து வீட்டுக்குள் வந்தபோது இரண்டு குடும்பமும் தொப்பலாக நனைந்திருந்தது. விக்கியின் அம்மா எங்கள் வீட்டுத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். என் தலையில் இருந்த மல்லிகைப் பூவிலிருந்து தண்ணீர் சொட்டியது. பஜ்ஜி... அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நிதானமாகக் கேட்டார். 'தம்பி, எங்க வீட்ல எது விதைநெல்லுன்னு ஷமீமாப் பொண்ணு சொல்லுச்சா?'

விக்கி எழுந்து நின்றார். முழங்கால் வரை சேறும் நெல்லும். 'இல்லைங்க மாமா. ஒங்க பொண்ணு சொன்னாங்க.'

'எப்ப?'

'...தெனமும் சொல்லுவாங்க.'

முதலில் வெடித்தது விக்கியின் அம்மா. 'டேய்! போட்டோவைக் காட்டுனப்ப, 'ஒங்க இஷ்டம்மா'ன்னு என்னாமா வெக்கப்பட்ட! அதுல மயங்கித்தானேடா நான் கெளம்பி வந்தேன்!'

எனக்கு அழுகையா சிரிப்பா என்று சொல்லத் தெரியாத ஒன்று நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் போயிற்று, இந்த வீட்டில் இனி என் பெயருக்கே தடை என்று ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம்... எப்படிச் சொல்வேன்? சந்தோஷம்! அசட்டுத்தனமான, குதிக்கிற சந்தோஷம்! தூங்கிக்கொண்டு ம் கொட்டுகிறார் என்று நினைத்த மனிதர், ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். எது பொன்னி, எது தூயமல்லி என்று என் வீட்டு நெல்லை எனக்கு நிகராகத் தெரிந்து வைத்திருக்கிறார். நிலாவைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகலாம். என் புலம்பலை இப்படிக் கலப்படமில்லாமல் யார் சேர்த்து வைப்பார்கள்? அந்தச் சேற்றுக் காலோடு அவரைப் பார்த்தபோது, இந்த ஆளைவிட்டால் எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்று நெஞ்சு முழுக்க நினைத்தேன்.

அப்பா எழுந்து வெளியே போனார். படுதாவின் ஓரத்தைத் தூக்கி, ஒரு கை நெல்லை அள்ளிக்கொண்டு வந்தார். விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்து விக்கியிடம் நீட்டினார். 'பாருங்க தம்பி. கலந்துருக்கா?'

விக்கி குனிந்து பார்த்தார். கண் டெஸ்ட்டில் கடகடவென்று படித்த மனிதர், இதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். விரலால் கிளறி, திருப்பி, ஒன்றை எடுத்துக் கடித்துக்கூடப் பார்த்தார். 'இல்லைங்க. சுத்தமா இருக்கு.'

அப்பா கையை மூடிக்கொண்டார். விக்கியின் அப்பாவைப் பார்த்தார். விக்கியின் அப்பா தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, 'நான் காட்டுன போட்டோதானே? நான் காட்டுன பொண்ணுதான்!' என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். தன் சட்டம் உடையவில்லை என்று அவர் தீர்மானித்துவிட்டார். எவ்வளவு பெரிய மனசு! அந்த இடத்திலேயே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பேன், புடவை அவ்வளவு ஈரமாக இல்லாதிருந்தால்.

அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான். 'நாளைக்கு வெயிலடிச்சா இதைத் திரும்பக் காயப் போடணும். ஆளு கெடைக்கிறதே பெரும்பாடா இருக்கு. காலையில வந்துருங்க தம்பி.'

டெல்டா பாஷையில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விக்கிக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'வந்துர்றேன் மாமா' என்றார், அப்பா சொல்லி முடிப்பதற்குள்.

கார் கிளம்பியது. கேட்டருகே அப்பாவும் நானும் மட்டும் நின்றோம். நான் காற்றில் மிதந்துகொண்டிருந்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, 'என் மேல கோவமாப்பா?' என்றேன்.

'அந்தத் தம்பி கத்துனதுல எனக்கு ஒண்ணும் கோவமில்ல பாப்பா' என்றார். 'நானே கத்தலாம்னுதான் நிமிந்தேன். அப்பதான் பாத்தேன். சொல்லாதேன்னு நீ தலையாட்டுன.'

என் மிதப்பு டபக்கென்று தரைக்கு வந்தது.

'மாப்ளையைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் அப்பா. 'வெதைநெல்லு போனாலும் பரவால்லன்னு நிக்கிற பொண்ணை அந்தக் குடும்பத்துக்கு எப்புடி நம்பி அனுப்புறதுன்னுதான் யோசிக்கிறேன்.'

ஆக, மக்களே, மாப்பிள்ளை கன்ஃபார்ம்... பெண்தான் வெயிட்டிங் லிஸ்ட்!